கொஞ்சம் என்பதன் திசை

மொழிபெயர்ப்பு பற்றி நம்மிடையே பேச்சு வரும்போதெல்லாம் பெரிய சொற்களைச் சுற்றியே அது நடக்கிறது. 'அப்ஸர்ட்' என்பதற்கு அபத்தம் போதுமா, 'ஏலியனேஷன்' அந்நியமாதலா அந்நியப்படுதலா, 'ஆங்ஸ்ட்' தமிழில் வருமா வராதா என்ற சர்ச்சைகளில் எத்தனையோ பக்கங்கள் செலவாகியிருக்கின்றன. செலவாகட்டும். ஆனால் ஒரு நல்ல கதை தமிழுக்கு வரும் வழியில் உயிரை விடுவது அநேகமாக இந்த இடங்களில் இல்லை. 'எ லிட்டில்', 'ஹார்ட்லி', 'ஆல்மோஸ்ட்', 'அட் லீஸ்ட்', 'க்வைட்' என்று, பள்ளிக்கூடத்திலேயே படித்து முடித்துவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிற சில்லறைச் சொற்களில்தான் அந்தச் சாவு நடக்கிறது. பெரிய சொல் வந்தால் மொழிபெயர்ப்பாளன் நின்று யோசிக்கிறான், அகராதியைத் தேடுகிறான். சின்னச் சொல்லை நிற்காமல் தாண்டிப் போய்விடுகிறான். அளவையும் தரத்தையும் குறைவையும் குறிக்கிற இந்தச் சொற்களைப் பற்றி ஒரு இலக்கணப் பாடம் நடத்துவது என் உத்தேசம் இல்லை. இவற்றில் எழுத்தாளனின் தீர்ப்பு குடியிருக்கிறது என்பதும், அதைப் பார்க்கத் தவறுவது நம் விமர்சன பாஷையையே கெடுத்திருக்கிறது என்பதும்தான் என் கட்சி.

ஒரு கவிதை வாசிப்புக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வந்ததாக வைத்துக்கொள்வோம். இங்கிலீஷில் ஒருவன் இதை 'ஃப்யூ' வந்தார்கள் என்று சொல்லலாம். இன்னொருவன் முன்னால் 'எ' என்ற ஒற்றை ஒலியைச் சேர்த்து 'எ ஃப்யூ' வந்தார்கள் என்று சொல்லலாம். இரண்டு பேரும் உண்மையே சொல்கிறார்கள். எண்ணிக்கையில் ஒரு தலை கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் முதலாமவன் காலி நாற்காலிகளைப் பார்க்கிறான். இரண்டாமவன் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்க்கிறான். முதலாமவன் அடுத்த வாக்கியத்தில் கூட்டத்தை நிறுத்திவிடலாம் என்பான். இரண்டாமவன் அடுத்த மாதமும் நடத்துவோம் என்பான். அளவு ஒன்றுதான். திசை வேறு.

இதைச் சும்மா ஒரு மனோபாவம் என்று தள்ளிவிட முடியாதபடி இங்கிலீஷ் இலக்கணமே சாட்சி சொல்கிறது. பேச்சின் வாலில் 'இல்லையா' என்று ஒட்டிக் கேட்கிற வழக்கம் அந்த பாஷையில் உண்டு. வாக்கியம் உடன்பாடானால் வால் எதிர்மறையாக இருக்கவேண்டும். வாக்கியம் எதிர்மறையானால் வால் உடன்பாடு. 'எ ஃப்யூ' வந்தார்கள் என்ற வாக்கியத்துக்கு 'டிடின்ட் தே' என்ற எதிர்மறை வால். மொட்டை 'ஃப்யூ'வுக்கோ 'டிட் தே' என்ற உடன்பாட்டு வால். அதாவது, பார்வைக்கு உடன்பாடாகத் தெரிகிற அந்த மொட்டைச் சொல்லை இங்கிலீஷ் பேசுகிறவனின் காது 'இல்லை' என்றே கேட்கிறது. எண்ணுப்பெயர் வேஷம் போட்டுக்கொண்டு வந்த எதிர்மறை அது. டேனிஷ்காரரான ஆட்டோ யெஸ்பர்ஸன் 1917ல் எதிர்மறை பற்றித் தனியாகவே எழுதிய புத்தகத்தில் 'லிட்டில்', 'ஃப்யூ', 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' இவற்றையெல்லாம் எதிர்மறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களாகக் கொண்டு ஆராய்ந்திருக்கிறார். ஃபிரெஞ்சிலும் இதே ஜோடி உண்டு. அதை வைத்துத்தான் ஆஸ்வால்ட் துக்ரோ 1972ல் வெளிவந்த நூலில், சொற்கள் உலகத்தை விவரிப்பதோடு நின்றுவிடாமல் கேட்பவனை ஒரு முடிவை நோக்கித் தள்ளவும் செய்கின்றன என்ற தன் வாதத்தைக் கட்டினார். அமைப்பியல் பேசுகிறவர்கள் நம்மிடையே உண்டு. இந்தச் சின்ன விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

தமிழில் இதற்கு வழியில்லை என்று யாராவது சொன்னால் அவர் தமிழைக் கேட்டதில்லை என்று அர்த்தம். 'சிலர் வந்தார்கள்' என்றால் அது 'எ ஃப்யூ'. 'சிலர்தான் வந்தார்கள்', 'சிலரே வந்தார்கள்', 'அதிகம் பேர் வரவில்லை' என்றால் அது மொட்டை 'ஃப்யூ'. தொல்காப்பியம் இடையியலில் ஏகாரத்துக்குச் சொல்கிற ஐந்து பொருள்களில் பிரிநிலை ஒன்று. சிலரை மற்றவர்களிடமிருந்து பிரித்து நிறுத்துகிற அந்த ஏகாரம் வராதவர்களையும் நினைவுபடுத்திவிடுகிறது. வேலை முடிந்தது. ஆனால் இரண்டு பாஷைகளும் ஒன்றுக்கொன்று தலைகீழாக நடப்பதைக் கவனிக்க வேண்டும். இங்கிலீஷில் மொட்டைச் சொல் 'இல்லை' பக்கம் சாய்கிறது. ஒன்று சேர்த்தால் 'உண்டு' பக்கம் வருகிறது. தமிழில் மொட்டைச் சொல் 'உண்டு' பக்கம். ஏகாரத்தையோ 'தா'னையோ சேர்த்தால்தான் 'இல்லை' பக்கம் போகிறது. சொல்லுக்குச் சொல் வைத்துக்கொண்டு போகிறவன், இங்கிலீஷில் கூடுதலாக எதுவும் இல்லாத இடத்தில் தமிழிலும் எதையும் கூட்டமாட்டான். அதனால் இரண்டுமே அவனுக்குச் 'சிலர்' ஆகிவிடுகின்றன.

விளைவு விளையாட்டல்ல. ஒரு கதையில் டாக்டர் அறைக்கு வெளியே வந்து, இருப்பது 'லிட்டில் ஹோப்' என்கிறார் என்று வையுங்கள். அதைச் 'சிறிது நம்பிக்கை இருக்கிறது' என்று தமிழில் போட்டால் அந்த வீட்டில் அடுப்பு மூட்டிவிடுவார்கள். மூலத்தில் அந்த நிமிஷமே அழுகை தொடங்கியிருக்கும். இரண்டு பக்கம் தள்ளி நோயாளி இறந்துபோகும்போது, தமிழ் வாசகனுக்கு ஆசிரியன் திடீரென்று ஒரு சாவைக் கொண்டுவந்து போட்டதாகத் தோன்றும். மெலோடிராமா என்று விமர்சகன் எழுதுவான். ஆசிரியன் ஒரு சொல்லில் முன்கூட்டியே சொல்லிவிட்டான் என்பதற்குத் தமிழில் தடயம் இருக்காது. 'பிழைப்பது சந்தேகந்தான்' என்று நம் டாக்டர் சொல்லியிருப்பார். அளவுச்சொல்லே இல்லாத வாக்கியம். இருந்தும் அளவு சரியாக வந்துவிட்டது.

அடுத்த ஜோடி 'ஆல்மோஸ்ட்', 'பேர்லி'. ஒருவன் 'ஆல்மோஸ்ட்' விழுந்தான் என்றால் அவன் விழவில்லை. 'பேர்லி' தேறினான் என்றால் அவன் தேறிவிட்டான். நடந்ததும் நடக்காததும் இவ்வளவு தெளிவு. ஆனால் உணர்ச்சி எதிர்ப்பக்கம் ஓடுகிறது. விழாதவனின் நெஞ்சில் விழுந்த படபடப்பு இருக்கிறது. தேறியவனின் முகத்தில் தோற்ற களை இருக்கிறது. சம்பவம் ஒருபுறமும் அனுபவம் ஒருபுறமுமாக இழுக்கிற இந்த இழுப்புத்தான் நவீன சிறுகதையின் பாதி ஜீவன். 'ஏறக்குறைய விழுந்தான்' என்கிற தமிழில் அந்த இழுப்பு இல்லை. விழுவதை முழக்கோல் வைத்து அளந்த மாதிரி இருக்கிறது. 'விழப்போனான்', 'விழ இருந்தான்', 'விழத் தெரிந்தான்' என்று நம் பாஷை இந்த வேலையை வினைச்சொல்லுக்குள்ளேயே செய்துகொள்கிறது.

'ஹார்ட்லி' இன்னும் நுட்பமானது. கஷ்டம் என்ற வேரிலிருந்து வந்து, கஷ்டப்பட்டு நடந்தது என்ற நிலையைத் தாண்டி, நடக்கவே இல்லை என்ற நிலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற சொல். 'அரிதாகவே' என்று இதற்கு ஒரு தமிழ் புழக்கத்தில் இருக்கிறது. அது 'ரேர்லி'க்கு உரியது. எத்தனை தடவை என்ற கேள்விக்குப் பதில். எந்த அளவு என்ற கேள்விக்கு அது பதிலாகாது. 'அவள் அவனை அரிதாகவே அறிவாள்' என்று எழுதினால் என்ன அர்த்தம்? மாதத்துக்கு ஒருமுறை அறிவாள் என்றா? பேச்சுத் தமிழ் இங்கே என்ன செய்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஒரே வினையின் உடன்பாட்டையும் எதிர்மறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறது. பட்டும் படாமலும். கேட்டும் கேட்காததுமாக. வந்ததும் வராததுமாக. இந்தக் கடைசித் தொடர், 'ஹார்ட்லி' முன்னால் நின்று எழுவாய் இடம்மாறி 'வென்' என்று தொடர்கிற அந்த இங்கிலீஷ் வாக்கியத்துக்குச் சமம். ஒரு உண்டு, ஒரு இல்லை, இரண்டுக்கும் நடுவே அனுபவம். இதைவிடக் கறாராக அந்த இடத்தை இங்கிலீஷும் காட்டிவிடவில்லை.

'பட்' சேர்ந்த தொடர்கள் மூன்று உண்டு. மொழிபெயர்ப்பாளனை வாழை மட்டையில் வழுக்கவைக்கிற மாதிரி வழுக்கவைப்பவை. 'நத்திங் பட்' என்றால் 'அதைத் தவிர வேறில்லை', அதாவது அது மட்டுமே. 'எனிதிங் பட்' என்றால் 'வேறு என்னவாகவும் இருக்கலாம், அதுவாக மட்டும் இல்லை'. 'ஆல் பட்' என்றால் 'எல்லாம் ஆயிற்று, கடைசிச் சொட்டு ஒன்றுதான் பாக்கி'. கிட்டத்தட்ட என்று அர்த்தம். ஒருவனை 'எனிதிங் பட்' முட்டாள் என்பது அவன் புத்திசாலித்தனத்துக்கு அழுத்தமான சாட்சி. 'ஆல் பட்' செத்தவன் குற்றுயிராகக் கிடப்பவன். குற்றுயிர், குலையுயிர் என்று நமக்குச் சொல் இருக்கிறது. இருந்தும் 'எல்லாம் தவிர' என்று எழுதத் துணிகிற கைக்கு எந்த அகராதியும் உதவாது. இதோடு 'க்வைட் எ ஃப்யூ'வையும் சேர்த்துக்கொள்ளலாம். அதிலுள்ள சொற்களைக் கூட்டிப்பார்த்தால் குறைவு என்று வருகிறது. அர்த்தமோ நிறைய என்பது. கணிசமான பேர், ஏகப்பட்ட பேர். மொட்டை 'ஃப்யூ' எதிர்மறை, 'எ' சேர்ந்தால் உடன்பாடு, 'க்வைட்'டும் சேர்ந்தால் பெருக்கம். ஒரே சொல்லை மூன்று படி ஏற்றியிருக்கிறார்கள். நாம் நாலு பேர் என்று சொல்லி ஊரையே குறிக்கிற மாதிரி.

எண்ணோடு சேர்ந்து வருகிறபோதும் இதே கதை. 'நாட் மோர் தேன்' பத்து என்றால் பத்துக்கு மேல் போகாது என்ற எல்லை. ஒன்பதாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். 'நோ மோர் தேன்' பத்து என்றால் இருப்பது பத்து, அது போதாது என்ற உதட்டுப் பிதுக்கல். பத்தே பத்து. அதே மாதிரி 'நாட் லெஸ் தேன்' ஐம்பது என்பது ஐம்பதுக்குக் குறையாது என்று கணக்கெழுதுவது. 'நோ லெஸ் தேன்' ஐம்பது என்பது, ஐம்பது பேர் வந்துவிட்டார்களே என்று புருவத்தை உயர்த்துவது. ஒன்று கணக்குப்பிள்ளையின் குரல், மற்றது கண்ணால் கண்டவனின் குரல். ஒரு நாவலில் எந்தக் குரல் பேசுகிறது என்பதைவிட முக்கியமான விஷயம் என்ன இருக்கிறது? ஆனால் நம் மொழிபெயர்ப்புகளில் நாலும் 'பத்துக்கு மிகாமல்', 'ஐம்பதுக்குக் குறையாமல்' என்று கெஜட்டில் வருகிற அறிவிப்பாகிவிடுகின்றன.

கெஜட் என்றதும் 'அட் லீஸ்ட்' ஞாபகம் வருகிறது. இது இங்கிலீஷில் மூன்று காரியம் செய்கிறது. எண்ணுக்கு அடித்தளம் போடுகிறது: ஐந்து பேராவது இருந்தார்கள். கிடைக்காததற்கு நடுவே கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்கிறது: போகட்டும், உயிராவது மிஞ்சியதே. மூன்றாவதாக, சொன்னதைப் பாதி திரும்ப வாங்கிக்கொள்கிறது: அவர் வரவில்லை, நான் இருந்தவரை வரவில்லை. 'குறைந்தபட்சம்' என்ற ஒரே சொல்லை மூன்றுக்கும் ஒட்டுகிறோம். குறைந்தபட்சக் கூலி, குறைந்தபட்ச விலை என்று சட்டமும் சந்தையும் புழங்கும் சொல் அது. அங்கே அதற்கு நியாயம் உண்டு. 'குறைந்தபட்சம் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம்' என்று ஒரு தாய் மகனிடம் சொல்வதாக எழுதும்போது அவள் தொழில் தகராறு மன்றத்தில் நின்று பேசுகிற தாய் ஆகிவிடுகிறாள். 'ஒரு கடுதாசியாவது போட்டிருக்கக் கூடாதா' என்பதிலுள்ள 'ஆவது' எவ்வளவு பெரிய விஷயம்! எதிர்பார்ப்பு எங்கே தொடங்கியது, படிப்படியாக எவ்வளவு இறங்கிவந்தது, கடைசிப் படியும் எப்படி இடிந்தது என்ற வரலாறே அந்த மூன்று எழுத்துக்குள் இருக்கிறது.

இதுவரை சொன்னவை அர்த்தத்தைப் பற்றியவை. 'க்வைட்', 'ராதர்' என்று வந்துவிட்டால் அர்த்தத்தோடு சமூகமும் உள்ளே வருகிறது. பூரணம், சாவு மாதிரி கூடுதல் குறைவுக்கு இடமில்லாத குணத்தோடு 'க்வைட்' சேர்ந்தால் முற்றிலும் என்று அர்த்தம். படிப்படியாக ஏறக்கூடிய குணத்தோடு சேர்ந்தால், பிரிட்டிஷ்காரன் வாயில் 'சுமார்' என்ற பக்கம் இறங்கிவிடும். அதுவும் 'க்வைட்'டை அழுத்திச் சொன்னால் பாராட்டைக் கொடுத்த கையாலேயே பறித்த மாதிரி. அதே தொடர் அமெரிக்கன் வாயில் மெய்யான பாராட்டு. ஆக ஒரு நாவலில் 'க்வைட் குட்' என்று ஒருவன் சொன்னால், அவன் எந்தக் கரையில் பிறந்தவன் என்று தெரியாமல் அதை மொழிபெயர்க்க முடியாது. 'ஃபேர்லி'க்கும் 'ராதரு'க்கும் இலக்கணப் புத்தகங்கள் ஒரு வித்தியாசம் சொல்வதுண்டு. சூப் 'ஃபேர்லி ஹாட்' என்றால் பதமான சூடு. 'ராதர் ஹாட்' என்றால் எனக்கு வேண்டியதற்கு மேல் சூடு. தெர்மாமீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டலாம். சொல் காட்டுவது நாக்கை.

ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' 1813ல் வந்தது. அதில் டார்ஸி எலிஸபெத்தைப் பற்றி முதல்முதலாகச் சொல்வது ஒரு அளவுச்சொல்தான்; சகித்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு இருக்கிறாள் என்கிறான். அசிங்கம் என்று சொல்லியிருந்தால் அவள் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அளந்து கொடுத்த அந்தப் பாதி மதிப்பெண்தான் தைக்கிறது; நாவலின் மோதல் முழுவதும் அந்தப் பாதியிலிருந்து கிளம்புகிறது. எதிர்மறையை இரட்டிப்பாக்கி, 'தகுதியில்லாதது அல்ல' என்கிற பாணியில் பேசுகிற வழக்கத்தை ஜார்ஜ் ஆர்வெல் 1946ல் எழுதிய தன் பிரசித்தமான கட்டுரையில் கேலி செய்தார். அந்தக் கேலி நியாயமானது. பொறுப்பேற்க மறுக்கிறவனின் திரை அது. ஆனால் அதே தொடர் ஒரு பாத்திரத்தின் வாயில் வரும்போது, அந்தத் திரையே அவன் குணசித்திரம். மொழிபெயர்ப்பாளன் திரையைக் கிழித்து 'தகுதியானது' என்று எழுதிவிட்டால் வாசகனுக்கு உதவியதாக நினைத்துக்கொள்ளலாம். பாத்திரத்தைக் கொன்றிருக்கிறான்.

சின்னச் சொல்லுக்கு இவ்வளவு கனம் கொடுக்கவேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம் போதும். வில்லியம் எம்ப்ஸன் 1951ல் வெளியிட்ட 'தி ஸ்ட்ரக்சர் ஆஃப் காம்ப்ளெக்ஸ் வோர்ட்ஸ்' நூலில் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' பற்றி ஒரு அத்தியாயம் எழுதினார். சொர்க்கம், பாவம், சாத்தான் பற்றி எழுதவில்லை. அந்தக் காவியத்தில் 'ஆல்', அதாவது 'எல்லாம்' என்ற சொல் என்ன செய்கிறது என்று எழுதினார். எட்வர்ட் ஸபீர் இன்னும் அடியில் போகிறார். மனித மனம் எண்ணுவதற்கும் அளப்பதற்கும் முன்னால் கூட, குறைய என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் தொடங்குகிறது என்பது 1944ல் அவர் கட்டுரையின் அடிப்படை. எண்கள் பிறகு வந்தவை. கொஞ்சம், அதிகம் என்பவை எண்ணத் தெரியாதவனின் தோராயம் இல்லை. எண்களுக்கும் முந்திய தீர்ப்பு.

நம் விஷயத்தில் இன்னொரு சிக்கல் கூடச் சேருகிறது. நாம் இங்கிலீஷை இங்கிலீஷுக்காக மட்டும் படிக்கவில்லை. செகாவ் நம்மில் பலருக்கு வந்துசேர்ந்தது கான்ஸ்டன்ஸ் கார்னெட்டின் வழியாக. 1916லிருந்து 1922 வரை பதின்மூன்று தொகுதிகளாக வெளிவந்த அந்தக் கதைகள் வழியாக. ருஷ்ய பாஷையில் 'எ'யும் கிடையாது, 'தி'யும் கிடையாது. ஆனால் திசை அங்கேயும் உண்டு. குறைவைக் குறையாகச் சொல்ல ஒரு சொல், 'மாலோ'. குறைவை இருப்பாகச் சொல்ல இன்னொரு சொல், 'நெம்னோகோ'. இந்த இரண்டாவதைப் பிரித்தால் 'அதிகம் இல்லை' என்று வருகிறது. ஆக ருஷ்யன் எதிர்மறை முன்னொட்டைப் போட்டு 'கொஞ்சம் இருக்கிறது' என்று சொல்கிறான். எதிர்மறையே தெரியாத சொல்லால் 'போதவில்லை' என்று சொல்கிறான். அது இங்கிலீஷில் ஒரு 'எ'யாக மாறி, அந்த 'எ' தமிழில் காணாமல் போகிறது. செகாவின் கதைகளில் யாரும் கூச்சலிடுவதில்லை. டீ ஆறிக்கொண்டிருக்கும்போது, இருப்பது கொஞ்சமா கொஞ்சந்தானா என்பதில் ஒரு வாழ்க்கை முடிந்துவிடுகிறது. அந்த ஆசிரியன் விஷயத்தில் இரண்டு கை மாறி வந்த அளவுச்சொல்லை நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக வாங்கியிருக்கவேண்டும்.

ஸாமுவெல் பெக்கெட் இந்தப் பிரச்சினையின் கடைசி எல்லைக்கே போனவர். ஃபிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் எழுதி, பெரும்பாலும் தன்னைத் தானே மொழிபெயர்த்துக்கொண்டவர். 1969ல் ஃபிரெஞ்சில் 'ஸான்' என்று எழுதினார்; இல்லாமல் என்று அர்த்தம், வெறும் வேற்றுமைச் சொல். 1970ல் அதை இங்கிலீஷில் தரும்போது 'வித்தவுட்' என்று நேராகப் போடவில்லை. 'லெஸ்' என்ற குறைவுச் சொல்லைப் பெயராக்கி 'லெஸ்னெஸ்' என்று தலைப்பு வைத்தார். ஒரு சின்னச் சொல்லைக் கரை சேர்க்கப் புதிதாக ஒரு சொல்லே வேண்டியிருந்தது அவருக்கு. 1983ல் 'வொர்ஸ்ட்வர்ட் ஹோ'. குறைவு, அதனினும் குறைவு, மோசம், அதனினும் மோசம் என்ற தரச்சொற்களைத் தவிர வேறு பாத்திரங்கள் அதில் இல்லை என்றே சொல்லிவிடலாம். அதை அவர் ஃபிரெஞ்சில் தரவே இல்லை. 1989ல் அவர் இறந்தபின், 1991ல் இடித் ஃபூர்னியே செய்த மொழிபெயர்ப்புத்தான் வந்தது. இரண்டு பாஷையிலும் மேதையாக இருந்த ஒருவர் நின்றுவிட்ட இடம் அது. தத்துவச் சொற்கள் அவரை நிறுத்தவில்லை. 'லெஸ்'ஸும் 'லீஸ்ட்'டும் நிறுத்தின.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அளவுச்சொல்லின் திசை தொலைந்துபோன மொழிபெயர்ப்புத் தமிழிலிருந்து நம் விமர்சனம் ஒரு சொற்கட்டைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. ஓரளவு. ஒருவகையில். ஏறக்குறைய. குறிப்பிடத்தக்க. 'இத்தொகுதி ஓரளவு வெற்றி பெற்றிருக்கிறது' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதை எழுதியவர் காலி நாற்காலிகளைப் பார்த்தாரா, உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாரா? கவிஞன் இதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்படலாம். அவன் எதிரியும் சந்தோஷப்படலாம். எழுதியவர் இரண்டு பேர் வீட்டிலும் காப்பி குடிக்கலாம். இங்கிலீஷில் எழுதுகிற மதிப்புரைக்காரனுக்கும் 'டு ஸம் எக்ஸ்டென்ட்' என்ற பொந்து இருக்கிறது. அவனும் அதில் ஒளிந்துகொள்வதுண்டு. ஆனால் வெற்றியைப் பற்றி ஒரு அளவு சொல்லியே தீரவேண்டும் என்று அவனை உட்காரவைத்தால், 'லிட்டில்' என்றோ 'எ லிட்டில்' என்றோ அவன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். 'எ' போடுவதா வேண்டாமா என்பது அவன் மனசாட்சியின் பரீட்சை. 'ஓரளவு' போடுகிறவனுக்குப் பரீட்சையே இல்லை.

தமிழின் சுபாவமே இந்த மழுப்பல்தான் என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. இதை நான் ஒப்பமாட்டேன். டீக்கடையில் இதே புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது நம் விமர்சகர் எவ்வளவு துல்லியம்! 'ஏதோ எழுதியிருக்கான்' என்பார். 'தேவலை' என்பார். 'ரெண்டு கதை தேறும்' என்பார். 'ரெண்டு கதையாவது தேறுதே' என்பார். 'ரெண்டே ரெண்டுதான்' என்பார். 'இருந்த கொஞ்சநஞ்சமும் போச்சு' என்பார்; இங்கிலீஷில் 'வாட் லிட்டில்' என்று தொடங்கவேண்டிய வாக்கியம் அது, நம்மில் யாருக்கும் யோசிக்காமல் வருகிறது. 'பரவாயில்லை' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, இழுக்கிற இழுப்பில் பாராட்டவும் புதைக்கவும் அவரால் முடியும். அதே மனிதர் பேனாவை எடுத்ததும் இந்தக் கருவிகளையெல்லாம் வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு 'ஓரளவு' என்று உள்ளே நுழைகிறார். பாஷைக்கு இல்லாத மழுப்பல் எழுத்துக்கு எங்கிருந்து வந்தது? ஏ, தான், ஆவது, கூட, உம் என்ற இடைச்சொற்கள் பேச்சுக்குரியவை, கட்டுரைக்குக் கௌரவக் குறைவு என்ற நினைப்பிலிருந்து வந்தது. அந்த நினைப்பு, சொல்லுக்குச் சொல் எடைபோட்ட மொழிபெயர்ப்பு உரைநடையைக் கௌரவமான உரைநடை என்று எண்ணிக்கொண்டதிலிருந்து வந்தது. தொல்காப்பியர் ஒரு முழு இயலை ஒதுக்கிய சொற்களை நாம் சில்லறை என்று நினைக்கிறோம்.

கெட்டுப்போன அளவுச்சொல் எல்லாவற்றுக்கும் தோதாக இருப்பதால் அதை யாரும் கெட்டது என்று உணர்வதில்லை. பயம் இருக்கிறவனுக்கு அது தோது. நண்பனின் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதவேண்டிய கட்டாயத்தில் இருக்கிறவனுக்குத் தோது. இரு நூறு பேர், முந்நூறு பேர் படிக்கிற பத்திரிகைகளில், எழுதுகிறவனும் எழுதப்படுகிறவனும் அடுத்த வாரம் ஒரே கூட்டத்தில் சந்திக்கவேண்டியிருக்கிற சூழ்நிலையில், தோதான சொல் பெருகத்தான் செய்யும். அங்கேதான் அது அதிகமாகக் கெடுதல் செய்கிறது. ஏனென்றால் இந்த வட்டத்தில் ஒரு இளம் கவிஞனுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே கூலி, தன் கவிதை எந்த அளவு கவிதை என்பதைப் பற்றி யாராவது ஒருவர் திசையோடு சொல்கிற ஒரு வாக்கியந்தான். பணம் இல்லை, பெயர் இல்லை, அந்த வாக்கியமாவது வேண்டாமா?

ஆகவே மொழிபெயர்க்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. பெரிய சொற்களுக்குத் தமிழ் கிடைக்காவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். வாசகன் எப்படியோ பிடித்துக்கொள்வான். ஒரு 'எ' இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் விடாதீர்கள். ஒவ்வொரு குறைவுச் சொல்லிலும், பேசுகிறவன் எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறான் என்று பார்த்துவிட்டு, அந்தச் சொல்லை மறந்துவிட்டு, அந்த முகத்துக்குத் தமிழ் எழுதுங்கள். விமர்சனம் எழுதுகிறவர்களிடம் கேட்பது இன்னும் சுருக்கம். 'ஓரளவு' என்று கை எழுதத் தொடங்கியதும் நிறுத்தி, 'கொஞ்சம்' என்கிறோமா, 'கொஞ்சந்தான்' என்கிறோமா என்று முடிவுசெய்யுங்கள். முடிவுசெய்ய முடியவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம்.